ஆட்டுக்கொல்லி ஊசி முகாமுக்கு பாதிப் பட்டிகூட வர மாட்டேங்குது, என்ன செய்யலாம்?

கரிசக்காட்டு இளவட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு சாத்தூர் பக்கம், மானாவாரி கரிசல். வீட்டுல கன்னி இன ஆடு குட்டியோட சேத்து இப்போ 37 நிக்குது, போன மாசி வரைக்கும் 51 நின்னுச்சு. அந்த 14 போன கதைதான் என்னை இங்க எழுத வச்சது.

போன வருஷம் ஐப்பசியில எங்க ஊருக்கு ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடுற முகாம் வந்துச்சு. பஸ் ஸ்டாப் வேப்பமரத்துல பேனர் கட்டி ஜீப் வந்து நின்னப்ப மணி பத்தரை. பத்தரைக்கு எந்த ஆடு ஊருக்குள்ள நிக்கும் சொல்லுங்க, எட்டு மணிக்கெல்லாம் கண்மாய்ப் பக்கமும் தரிசுக்கும் பத்திட்டுப் போயிருவாங்க. ஊர்ல முப்பது பட்டிக்கு மேல இருக்கு, வந்தது பதினொண்ணு. நானும் போகல, அன்னைக்கு உளுந்துல களை எடுப்பு, அடுத்த தடவ பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அத நினைச்சா இப்பவும் மனசு அடிச்சுக்குது.

மாசியில பக்கத்துத் தெருவுல ஒருத்தர் சந்தையில இருந்து ஆறு குட்டி பிடிச்சிட்டு வந்தார். பத்து நாள்ல எங்க பட்டியில ஒரு கிடாக்குட்டிக்கு மூக்குல தண்ணியா வடிஞ்சுச்சு, சளின்னு நினைச்சோம், ரெண்டு நாள்ல அது மஞ்சளா கெட்டியாகி மூக்கு ஓட்டையையே அடைச்சிருச்சு, கண்ணு பீளை கட்டி ஒட்டிக்கிச்சு, வாயத் தொறந்து பாத்தா ஈறுல தவிடு ஒட்டின மாதிரி இருக்கு, கிட்ட போக முடியாத நாத்தம், அப்புறம் கழிச்சல். அம்மா வெந்நியில துணிய நனைச்சு ஒவ்வொண்ணுக்கும் கண்ணத் தொடச்சு விட்டுட்டு கேப்பைக்கூழ் ஊத்திப் பாத்தாங்க. உள்ள எறங்கல, வாயோரமா வழிஞ்சுது. ஆட்டுக்கொல்லிதான். 14 போச்சு, அதுல ஏழு சினை.

இந்த வருஷம் நானே கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கேட்டேன், மார்கழியில வர்றோம்னு சொல்லிருக்காங்க. நான் வீடு வீடா போனா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஊசி போட்டா குட்டி வீசிரும் (சினை கலைஞ்சுரும்), எண்ணிக்கை எழுதிட்டுப் போயி அப்புறம் எதாச்சும் வரி கிரி போடுவான், நல்லா நிக்கிற ஆட்ட எதுக்குக் குத்தணும், இப்படி. எல்லா ஆட்டையும் கொண்டு வர வைக்கணும். உங்க ஊர்ல எப்படிப் பண்ணீங்க, சொல்லுங்க.

பழைய மருந்தகம்:

தம்பி, 31 வருஷம் கால்நடைத் துறையில உதவி மருத்துவரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். பத்தரை மணிக்கு ஜீப்ப நிறுத்தின தப்ப நானும் ஆரம்பத்துல பண்ணிருக்கேன், அதனால முதல்ல நேரத்தப் பத்தி சொல்றேன். ஆடு பட்டிய விட்டு வெளிய போன பிறகு முகாம் நடத்துறது, பந்தி முடிஞ்ச பிறகு எல போடுற மாதிரி. காலைல அஞ்சே முக்காலுக்கு முதல் ஊசி உள்ள போகணும், எட்டுக்கு முடிக்கணும். மரத்தடிக்கு ஆட்டக் கூப்பிடாதீங்க, பட்டிக்கு ஊசி போகட்டும். நாலு பட்டி ஆட்ட ஒரு மரத்தடியில கூட்டினா நோய் கலக்கிறதுக்கு நாமளே பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிரும்.

நம்ம நாட்டுல இந்த நோய முதல்ல கண்டுபிடிச்சதே நம்ம மாநிலத்துலதான், 1987-ல, இப்போ விழுப்புரம் பக்கம் இருக்கிற அரசூர்ல. நான் வேலைக்குச் சேந்த காலத்துல பெரியவங்க இத ஆட்டு வெக்கைன்னுதான் சொல்வாங்க, மாட்டுக்கு வர்ற வெக்கை நோயோட பங்காளி வைரஸ்தான் இது. அப்போ ஆட்டுக்குன்னு தனி ஊசி இல்ல, மாட்டு வெக்கை ஊசியையே ஆட்டுக்கும் போட்ட காலம் இருந்துச்சு. அப்புறம் நம்ம நாட்டு ஆட்டுல இருந்து எடுத்த கிருமிய வச்சே ஊசி தயாரிச்சாங்க, 2010-ல மத்திய அரசு இதுக்குன்னு தனித் திட்டமே ஆரம்பிச்சது.

மாட்டு வெக்கை என்ன ஆச்சுன்னு இப்போ உள்ள பிள்ளைங்களுக்குத் தெரியாது. 1995-க்கு அப்புறம் நம்ம நாட்டுல ஒரு மாட்டுக்குக்கூட வரல, 2011-ல உலகத்துலயே இல்லன்னு அறிவிச்சுட்டாங்க. பெரியம்மைக்கு அடுத்து மனுஷன் பூமிய விட்டே விரட்டின ரெண்டாவது நோய் அது. ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள்ள அப்படி ஒழிக்கணும்னு 2015-ல உலக அளவுல முடிவு எடுத்திருக்காங்க. முடியுமான்னா முடியும், நான் மனசார நம்புறேன். இந்த ஊசி ஒரு தடவ சரியா ஏறிருச்சுன்னா குறைஞ்சது மூணு வருஷத்துக்கு அந்த ஆட்டுக்குப் பயம் இல்ல. பிழைச்ச ஆடு நோய உள்ள வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா பரப்புறதும் இல்ல, கிருமியும் வெயில்ல வெளிய ரொம்ப நேரம் தாங்காது. ஊசி நல்ல ஊசி தம்பி, அது ஆட்டுத் தோலுக்குள்ள போய்ச் சேரணும், அவ்வளவுதான் பாக்கி.

செம்மண் தோட்டம்:

டாக்டர் சார் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் திண்டுக்கல் பக்கம். நாலு வருஷம் முன்னாடி எங்க ஊர்ல ஊசி போட்டாங்க, ஊசி போட்ட அஞ்சாம் நாள்ல இருந்து ஒண்ணொண்ணா படுக்க ஆரம்பிச்சு 8 ஆடு செத்துச்சு எனக்கு. ஊசி போடாத எங்க சித்தப்பா பட்டியில ஒண்ணும் ஆகல. போன் பண்ணினேன், வர்றோம்னாங்க, வரல. மறுபடி பண்ணினேன், ஊசியால சாகாதுன்னு சொல்லி வச்சுட்டாங்க. செத்தது என் ஆடு, அழுதது என் பொண்டாட்டி. அன்னைல இருந்து ஊசி ஜீப்பப் பாத்தா எங்க தெருவே கதவச் சாத்துது. இத மனசுல வச்சுக்கிட்டு பேசுங்க எல்லாரும், சனங்க சும்மா பயப்படல.

பழைய மருந்தகம்:

ஐயா, உங்க கோவம் நியாயம். வர்றோம்னு சொல்லிட்டு வராம இருந்தது தப்பு, துறையில இருந்தவங்கிற முறையில நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன். ஒண்ணு கேக்கட்டுமா, அந்தச் சமயத்துல பட்டிக்குள்ள புது ஆடு எதாச்சும் வந்துச்சா?

செம்மண் தோட்டம்:

அய்யலூர் சந்தையில நாலு குட்டி வாங்கினோம். ஊசிக்கு மூணு நாளோ நாலு நாளோ முன்னாடி.

பழைய மருந்தகம்:

அதுதான் ஐயா. நோய் ஆட்டுக்குள்ள புகுந்து வெளிய தெரியறதுக்கு நாலஞ்சு நாள் ஆகும், சிலதுல பத்து நாள்கூட. அந்தக் குட்டிங்க நோயோட வந்திருக்கும், ஊசி போட்ட அன்னைக்கே உங்க ஆட்டுக்குள்ள கிருமி இருந்திருக்கும். ஊசி போட்ட உடனே எதிர்ப்பு சக்தி வந்துராது, பத்து பதினாலு நாள் ஆகும். அதுக்குள்ள நோய் முந்திருச்சு. உங்க சித்தப்பா பட்டிக்குச் சந்தை ஆடு வரல, அதனால தப்பிச்சுது. நான் பாக்காத ஆட்டப் பத்தி அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா என் சர்வீஸ்ல இதே கதைய பல ஊர்ல பாத்திருக்கேன்.

இத அன்னைக்கு யாராச்சும் உங்க திண்ணையில வந்து உக்காந்து, செத்த ஆட்டோட வாயத் தொறந்து காமிச்சு சொல்லிருந்தா, உங்க தெரு கதவச் சாத்திருக்காது. சாத்தூர் தம்பி, இத எழுதி வச்சுக்கோங்க. ஊசி போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்டுலயும் ஒரே கேள்வி கேளுங்க, இந்த மூணு வாரத்துல புது ஆடு வந்துச்சா. வந்திருந்தா அதத் தனியா கட்டச் சொல்லுங்க, எந்த உருப்படியாவது சோந்து நின்னா, மூக்கு ஒழுகினா, அன்னைக்கு ஊசி வேண்டாம், டாக்டர்ட்ட காட்டுங்க. இன்னொண்ணு, ஊசி போட்ட மூணாம் நாளும் ஏழாம் நாளும் நீங்களே ஒரு நடை எல்லா பட்டிக்கும் போயிட்டு வாங்க. நான் என் சர்வீஸ்ல லேட்டா கத்துக்கிட்டது இதுதான். ஊசி போடற அன்னைக்கு சம்பாதிக்கிற நம்பிக்கையவிட மூணாம் நாள் திரும்ப வந்து எட்டிப் பாக்கிறதுல சம்பாதிக்கிறது பல மடங்கு.

ஐஸ்பெட்டி:

நான் இப்போ சர்வீஸ்ல இருக்கிற கால்நடை ஆய்வாளர். எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க ப்ளீஸ், நாங்க வேணும்னே லேட்டா வர்றதில்ல.

இந்த மருந்து பாட்டில்ல வெள்ளைக் கட்டியா உறைய வச்சு உலர்த்தின உயிர்க் கிருமி. நாங்க வாங்குற பாட்டில் பெரும்பாலும் 100 டோஸ். கரைக்கிற தண்ணியும் ஐஸ்ல குளுந்து இருக்கணும், வெதுவெதுப்பான தண்ணிய ஊத்தினா அங்கேயே பாதி செத்துரும். கரைச்ச பிறகு ஐஸ்லயே வச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், மிச்சத்த மூடி வச்சு அடுத்த ஊருக்குக் கொண்டு போக முடியாது. இப்போ ஒரு ஊருக்குப் போறேன், முப்பது ஆடுதான் நிக்குது. நூறு டோஸ் பாட்டில உடைக்கவா வேண்டாமா? உடைச்சா எழுவது டோஸ் மண்ணுல போகுது, உடைக்காம திரும்பினா ஊசிக்காரன் வந்துட்டு போடாமப் போறான்னு ஏசுறாங்க. இந்தத் தடுமாற்றத்துல நிறைய நாள் நின்னிருக்கேன்.

அதனால தம்பி, நீங்க எங்களுக்குப் பண்ற பெரிய உதவி என்னன்னா, இந்தத் தெருவுல தோராயமா இவ்வளவு, அடுத்த தெருவுல இவ்வளவுன்னு முன்னாடியே சொல்றது. அத வச்சு நாங்க பாட்டில் உடைக்கிற கணக்க வச்சுக்குவோம். நூறு உருப்படிக்கு ஒரு கொத்து, அந்தக் கொத்த முக்கால் மணி நேரத்துல முடிச்சுரலாம், பிடிக்கிறதுக்கு ஆள் இருந்தா. ஊசி குத்துறது ஒரு நொடி வேலை, தோலத் தூக்கிப் பிடிச்சு அடியில 1 மில்லி. பிடிக்கிறதுதான் முழு வேலையும்.

எங்க ஏரியாவுல ஒரு பெரியவர் கத்துக்கொடுத்த முறை சொல்றேன். பட்டிப் படல் ரெண்ட எடுத்து சுவத்துல இருந்து வாய் குறுகலா சாச்சு வச்சார், உள்ள அகலம், வெளிய ஒரு ஆடு போற சந்து. உள்ள இருந்து ஒரு பையன் மெதுவா பத்தி விடுறான், சந்துல நான் உக்காந்திருக்கேன், தொடை இடுக்குல முடியில்லாத இடத்துல போட்டு விடுறேன், இன்னொரு பையன் முதுகுல நீலத்தக் கரைச்சு ஒரு கோடு இழுக்கிறான். ஒரு ஆடுகூட கத்தல. முன்னெல்லாம் பட்டிக்குள்ள நாலு பேர் புகுந்து கொம்பையும் காதையும் பிடிச்சு இழுத்து, ஆடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மிதிச்சு... குட்டி வீசுதுன்னா அந்த மிதிபாடுதான் காரணம், மருந்து இல்ல. நிறைசினை ஆட்ட அதுக்கு முன்னாடியே தனியா கட்டி வச்சிட்டா, நின்ன இடத்துலயே அலுங்காம போட்டுரலாம், ரொம்ப நாள் நெருங்கிட்டா ஈன பிறகு போட்டுக்கலாம்.

ஊசி போடுற எடத்துல ஸ்பிரிட் தடவச் சொல்லி சிலர் கேப்பாங்க, தடவக் கூடாது, உயிர் மருந்து ஸ்பிரிட் பட்டா கெட்டுரும். அதுக்குப் பதிலா ஊசிய மாத்தணும். ஒரே ஊசிய வச்சு ஊர் பூராக் குத்தினா சீழ்க்கட்டி வரும், அதப் பாத்து அடுத்த வருஷம் எவனும் வர மாட்டான். பட்டிக்குப் பட்டி ஊசி மாத்துறாங்களான்னு நீங்களே பாத்துக் கேளுங்க, நாங்க கோச்சுக்க மாட்டோம்.

பத்து ஆட்டுக்காரி:

நான் சிவகாசி பக்கம் ஒரு மகளிர் குழுவுல இருக்கேன். இங்க பேசுறவங்க எல்லாரும் ஆம்பளைங்களா இருக்கீங்க, ஒண்ணு சொல்லிக்கிறேன் தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊர்ல அம்பது அறுவது ஆடு வச்சிருக்கிற பட்டிக்காரங்க ஒரு கை விரல்ல எண்ணிரலாம். மத்ததெல்லாம் வீட்டுக்கு ரெண்டு, மூணு, அஞ்சு, அத்தனையும் பொம்பளைங்க ஆடு. 2011-ல இருந்து அரசாங்கம் விலையில்லா ஆடு நாலு நாலா கொடுத்துச்சே, அந்த வழியில வந்த குட்டிங்களும் நிறைய. இவங்க யாரும் முகாம்னா நமக்கு இல்ல, அது பட்டி வச்சிருக்கிறவங்களுக்குன்னு நினைச்சுக்கிறாங்க. நோய்க்கு அந்தக் கணக்கு தெரியுமா? ரெண்டு ஆட்டுக்கு ஊசி போடாம விட்டா ரெண்டும் தெருவுல எல்லா ஆட்டோடயும்தான் மேயும்.

நூறு நாள் வேலைக்கு ஒம்போது மணிக்கு முன்னாடியே போகணும், அதனால முகாம் பத்து மணிக்குன்னா நாங்க வர்றது நடக்காது. நாங்க போன தடவ என்ன பண்ணினோம்னா, குழுவுல எட்டு பேர் தெருவப் பிரிச்சுக்கிட்டோம். தண்டோரா போட்டுப் பாத்தாச்சு, கோயில் மைக்குல சொல்லிப் பாத்தாச்சு, யாரும் காதுல வாங்கல, ஆனா முந்தின நாள் சாயங்காலம் வீட்டு வாசல்ல போய் நின்னு அக்கா நாளைக்கு ஆட்ட அவுத்து விட்டுறாதீங்க, ஆறு மணிக்கு நம்ம வீட்டுக்கே வர்றாங்கன்னு சொன்னா கேக்குறாங்க. புருஷன் இல்லாத வீடு, வயசான ஆத்தா ஒத்தையா இருக்கிற வீடு, அங்க ஆட்டப் பிடிக்க ஆள் இருக்காது, அதுக்கு எங்க பசங்க ரெண்டு பேர அனுப்பினோம்.

எண்ணிக்கைய மட்டும் வாய் விட்டு கேக்காதீங்க. எங்க பக்கம் ஆட்ட எண்ணிச் சொன்னா கண்ணு பட்டுரும்னு நினைப்பாங்க, பாதியச் சொல்லுவாங்க இல்ல கோவப்படுவாங்க. நாங்க கேக்கவே இல்ல. சாயங்காலம் அடையுற நேரம் அந்தப் பக்கமா நடந்து கண்ணால பாத்துக்கிட்டோம், நோட்டுல வீட்டுக்காரி பேருக்கு நேரா கோடு போட்டுக்கிட்டோம்.

கரிசக்காட்டு இளவட்டம்:

அக்கா, இது எனக்குத் தோணவே இல்ல. நான் வீடு வீடா போய் கேட்ட முதல் கேள்வியே எத்தன ஆடு வச்சிருக்கீங்கன்னுதான். அதான் வரி போடுவியாடான்னு கேட்டிருக்காங்க.

காதுல தோடு போடறது பத்தி என்ன சொல்றது? அதுக்குத்தான் ரொம்ப பயப்படுறாங்க.

ஐஸ்பெட்டி:

தோடு போட்டா 12 இலக்க நம்பர் வரும், இன்சூரன்ஸ் கேக்கணும்னா அது வேணும், எந்த ஆட்டுக்கு எப்போ என்ன ஊசி போட்டோம்னு பதிவும் அதுலதான் ஏறும். ஆனா மழைக்காலத்துல போட்ட காதுல ஈ மொய்ச்சு புழு வச்சுரும், அத ஒரு தடவ பாத்தவங்க காலத்துக்கும் ஒத்துக்க மாட்டாங்க. என் அனுபவத்துல ஊசியையும் தோடையும் ஒரே நாள்ல வச்சா ரெண்டும் கெடும். முதல்ல ஊசி. நம்பிக்கை வந்த பிறகு, வெயில் காலத்துல, வேணுங்கிறவங்களுக்குத் தோடு.

கிடைவீட்டுப் பையன்:

எங்க கதையும் கொஞ்சம் சொல்லணும். நாங்க சிவகங்கைப் பக்கம், செம்மறி. எங்க அப்பா கீதாரி, அதாவது கிடைக்குத் தலைவர், நாலு குடும்பத்து ஆடு சேந்து ஆயிரத்துக்குப் பக்கம் போகும். தை மாசம் தஞ்சாவூர் பக்கம் அறுப்பு முடிஞ்சதும் கெளம்பி வயல்ல கிடை போட்டுக்கிட்டே நடந்து போவோம், திரும்ப ஊர் வந்து சேர ஆடி ஆவணி ஆயிரும். ஊர்ல முகாம் வச்சப்ப நாங்க ஊர்ல இல்ல. தஞ்சாவூர் பக்கம் ஒரு மருந்தகத்துல போய் கேட்டா நீங்க எங்க எல்லை இல்ல, உங்க ஊர்லயே போட்டுக்கோங்கன்னாங்க. ஒரு ஊர்லயும் சேராத ஆடாப் போச்சு எங்க ஆடு. ஆனா நாங்கதான் நூறு ஊர் ஆட்டோட உரசிக்கிட்டுப் போறோம், நோய் எங்களால பரவுதுன்னு ஏச்சும் எங்களுக்குத்தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஊர் டாக்டரம்மா ஒருத்தவங்க மார்கழி கடைசியில அவங்களா வந்தாங்க. எப்போ கெளம்புவீங்கன்னு அப்பாட்ட கேட்டு, அதுக்கு மூணு வாரம் முன்னாடி நாள் குறிச்சாங்க. குளிர்ல விடியறதுக்கு முன்னாடி கிடைக்கு வந்துட்டாங்க, பனியில ஆடு எல்லாம் நெருக்கி அடிச்சு படுத்திருக்கு, டார்ச் வெளிச்சத்துல படலுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு போட்டாங்க. அப்பா யாருக்கும் ஆட்டத் தொட விட மாட்டார், அன்னைக்கு அவரே ஒவ்வொரு தாயாட்டையும் பிடிச்சுக் கொடுத்தார். போடும்போதே இது மூணு மாசம் ஆகாத குட்டி இத விடுங்க தாயி, தாய்ப்பால்ல இருக்கிற சக்தி ஊசிய வேலை செய்ய விடாதுன்னு நீங்கதான சொன்னீங்கன்னு அவங்களுக்கே எடுத்துச் சொன்னார். எனக்கு அத இப்ப நினைச்சாலும் சந்தோஷமா இருக்கு.

இன்னொரு விஷயம், எங்க ஆளுங்களுக்கு ஆட்டுக்கொல்லியவிட துள்ளுமாரி பயம் ஜாஸ்தி. முதல் மழை பெஞ்சு புது புல்லு மொளைக்கும்போது, இருக்கிறதுலயே கொழுத்த குட்டி ராத்திரி துள்ளி விழுந்து விடியும்போது வெறச்சுக் கெடக்கும். அதுக்கு ஊசி கேட்டு அவங்களா வருவாங்க. அப்போ ஆவணியில ஊர் திரும்பினதும் மழைக்கு முன்னாடி துள்ளுமாரி, போட்ட ரெண்டு மூணு வாரத்துல இன்னொரு தடவ, மார்கழியில ஆட்டுக்கொல்லின்னு ஒரு நடை வச்சுக்கிட்டோம். அவங்க பயப்படுற நோய்க்கு முதல்ல மருந்து கொடுங்க, நீங்க பயப்படுற நோய்க்கு அப்புறம் அவங்களே பட்டியத் தொறப்பாங்க.

பழைய மருந்தகம்:

கிடைவீட்டுத் தம்பி சொன்ன கடைசி வரிய எங்க காலேஜுல சொல்லிக் கொடுத்திருந்தா என் முதல் பத்து வருஷம் வேற மாதிரி போயிருக்கும். இத்தோட குடற்புழு மருந்தையும் சேத்துக்கோங்க, ஊசிக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஊத்திட்டா ஆடு தெம்பா இருக்கும், ஊசியும் நல்லா ஏறும். மருந்து ஊத்தின ஒரு வாரத்துல ஆடு மேய்ச்சல் எடுக்கிறத அவங்க கண்ணாலயே பாப்பாங்க. தடுப்பூசி வேலை செஞ்சத யாரும் கண்ணால பாக்க முடியாது, நோய் வராம இருக்கிறதுதான அதோட வேலை. அதனால கண்ணுக்குத் தெரியற ஒண்ண முன்னாடி கொடுக்கணும்.

அப்புறம் ஒரே முகாமோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க தம்பி. இந்த வருஷம் ஊர் பூரா போட்டா அடுத்த வருஷமும் ஊர் பூரா போடணும், அதுக்கப்புறம் புதுசா பிறந்த குட்டிங்களுக்கு மட்டும் ரெண்டு வருஷம். ஆடு மாடு மாதிரி இல்ல, பக்ரீத் தீபாவளின்னா பட்டியே மாறிரும், ஊசி போட்ட கிடா கறியாப் போயிரும், ஊசி போடாத குட்டி வந்து நிக்கும்.

செம்மண் தோட்டம்:

நான் இதெல்லாம் படிச்சுட்டு எங்க சித்தப்பாட்டையும் காமிச்சேன். சந்தை ஆட்ட மூணு வாரம் தனியா கட்டுறதுக்கு தோட்டத்து மூலையில ஒரு கொட்டாய் போட்டிருக்கேன். ஊசி போடறதப் பத்தி இன்னும் முடிவு பண்ணல. சாத்தூர் தம்பி உங்க முகாம் முடிஞ்சதும் நடந்தத நடந்தபடி எழுதுங்க, நல்லதோ கெட்டதோ, மறைக்காம.

கரிசக்காட்டு இளவட்டம்:

முகாம் முடிஞ்சு இன்னைக்கு பதினோரு நாள் ஆச்சு. செம்மண் தோட்டம் அண்ணன் கேட்டபடி எல்லாத்தையும் எழுதுறேன்.

கார்த்திகை கடைசியில குடற்புழு மருந்து ஊத்தினோம், அதுக்குக் கிட்டத்தட்ட எல்லா வீடும் வந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் நானும் எங்க அம்மாவும் எங்க மதினியும் தெருத் தெருவா போனோம், எண்ணிக்கை கேக்கல. புது ஆடு வந்துச்சா, நிறைசினை எது, எதாச்சும் சோந்து நிக்குதா, இந்த மூணுதான் கேட்டோம். ரெண்டு வீட்டுல சந்தைக் குட்டி இருந்துச்சு, அந்த ரெண்டு வீட்டையும் டாக்டரே தள்ளி வச்சுட்டார், மூணு வாரம் கழிச்சு பாத்துட்டு வந்து போடறேன்னு.

ரெண்டு நாளா பிரிச்சு வச்சோம். முதல் நாள் அஞ்சு அம்பதுக்கு கிழக்குத் தெரு கடைசியில இருக்கிற ஆத்தா வீட்டுல ஆரம்பிச்சோம், அவங்களுக்கு மூணே ஆடு. பெரிய பட்டிக்கு முதல்ல போகாம அங்க போனது ஊருக்குள்ள பேச்சாகிருச்சு, ஆத்தாவே வாசல்ல நின்னு எதுத்த வீட்டுக்காரங்கள ஏத்திவிட்டாங்க, என் ஆட்டுக்கே போட்டாச்சு ஒனக்கு என்னடான்னு. படல் முறை அருமையா வேலை செஞ்சுச்சு. ரெண்டு நாள்லயும் சேத்து 612 உருப்படிக்குப் போட்டோம். அஞ்சு வீடு வரல.

இப்போ கெட்டது. நாலாம் நாள் காலையில நடுத்தெருவுல ஒருத்தர் போன் பண்ணினார், ஒரு ஆடு குட்டி வீசிருச்சுன்னு. எனக்கு கை நடுங்கிருச்சு. ஓடினேன், டாக்டருக்கும் அங்க இருந்தே பேசினேன், அவர் ஒம்போது மணிக்கெல்லாம் வந்துட்டார். காய்ச்சல் பாத்தார், வாய் மூக்கு பாத்தார், ஒண்ணும் இல்ல. விலாவுல கைய வச்சுத் தடவிட்டு கன்னிப்போன இடத்தக் காமிச்சார், முந்தின நாள் ராத்திரி பட்டிக்குள்ள கொம்புக் கிடா முட்டிருக்கு, வீட்டுப் பையனும் சத்தம் கேட்டதா சொன்னான். டாக்டர் இதுக்கு ஊசி காரணம் இல்லன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போகல, அரை மணி நேரம் அந்தத் திண்ணையிலயே உக்காந்து அவங்க கொடுத்த காப்பியக் குடிச்சிட்டு, ஆட்டுக்கு மருந்தும் கொடுத்துட்டு, மறுநாள் சாயங்காலம் மறுபடி வந்து பாத்தார். ஆடு இப்போ நல்லா மேயுது. தெருவே கூடி நின்னு அதப் பாத்துச்சு. அன்னைக்கு ராத்திரி, வராத அஞ்சு வீட்டுல மூணு பேர் எங்க வீட்டுக்கு வந்து இனிமே எப்போ போடுவாங்கன்னு கேட்டாங்க.

ஏழாம் நாளும் ஒரு நடை போயிட்டு வந்தேன். நாலு ஆட்டுக்கு ஊசி போட்ட எடத்துல சின்னதா வீக்கம், இப்போ வத்திருச்சு. வேற ஒண்ணும் இல்ல.

செம்மண் தோட்டம்:

அந்த டாக்டர் ரெண்டாவது நாளும் வந்தார் பாருங்க, அது போதும் தம்பி. எங்க மருந்தகத்துல திங்கக்கிழமை போய் பேசப்போறேன். சித்தப்பாவும் கூட வர்றேன்னிருக்கார்.

பத்து ஆட்டுக்காரி:

தம்பி ரொம்ப சந்தோஷம். இந்த மார்கழி தையில ஈனுற குட்டிங்கள மறந்துராதீங்க, நாலு மாசம் கழிச்சு வைகாசியில அதுங்களுக்குப் போடணும், அப்போ யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க. நோட்டுல இப்பவே எழுதி வைங்க.

கரிசக்காட்டு இளவட்டம்:

எழுதிட்டேன் அக்கா. நேத்து வரைக்கும் 23 குட்டி ஈனிருக்கு, எந்த வீடு என்ன தேதின்னு அம்மா சொல்லச் சொல்ல காலண்டர் தாள்ல குறிச்சு பட்டி வாசல்ல மாட்டியாச்சு. மீதி இருக்கிற வீட்டுக்கும், அந்தச் சந்தைக் குட்டி ரெண்டு வீட்டுக்கும் தை பத்தாம் தேதிக்கு மேல வர்றேன்னு டாக்டர் சொல்லிருக்கார், அன்னைக்கும் அஞ்சே முக்காலுக்குத்தான்.